கழித்து எண்ணும் வேலை

மும்பையில் காஸ்மிக் கதிர் உணர்கருவிகளைத் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி, துகள்களைப் பிடிப்பதில் அல்ல, துகளல்லாதவற்றைக் கழிப்பதிலேயே சென்றது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதிச் சிதறுவதால் பிறக்கும் மியூவான் எனும் நுண்துகள்கள், கடல் மட்டத்தில்கூட நம் உள்ளங்கையை நொடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் ஊடுருவிச் செல்கின்றன. எனவே வரத்துக்குப் பஞ்சமில்லை. வந்தது அதுதானா என்பதே கேள்வி.

மின்னூட்டமுள்ள துகள் பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பலகையைக் கடக்கும்போது சில நானோநொடிகள் மங்கிய நீல ஒளி எழும்; ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் அதை மின்துடிப்பாகப் பெருக்கும். அத்தகைய கருவிக்குள் டியூப்லைட் வெளிச்சம் ஊசித்துளை வழியே நுழைந்தாலும் எண்ணிக்கை தாறுமாறாக ஏறிவிடும். ஆகவே பலகையை வெள்ளைத் தாளிலும் அதன்மேல் கறுப்புத் தாளிலும் சுற்றி, விளிம்புகளில் கறுப்பு டேப் ஒட்டி, அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூலை மூலையாக நகர்த்தியபடி கவுண்டரைக் கவனிப்போம். பெரும்பாலும் குழாயும் பலகையும் சேருமிடத்தில்தான் கசியும். இதில் கைதேர்ந்தவர் எங்கள் மூத்த டெக்னீஷியன்; கோலார் தங்கவயல் தமிழர், சுரங்கத் தொழிலாளியின் மகன். "டேப்பை இழுத்து ஒட்டாதே தம்பி, நாளைக்குச் சுருங்கி வாயைப் பிளந்துடும்" என்பார். அவருடைய ஊர்ச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையே மியூவான்களைப் பெருமளவு வடிகட்டிவிட்ட இடத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் (பாறையையும் எளிதில் ஊடுருவும், மின்னூட்டமற்ற துகள்கள்) பதிவானதைப் பற்றி அவர் பெருமை பேசினால் யாரும் குறுக்கிடுவதில்லை. பேசத் தகுந்த பெருமைதான்.

கசிவை அடைத்த பின்னும் குழாய், வெப்பத்தால் தானாகவே எலக்ட்ரான்களை உமிழ்ந்து பொய்த் துடிப்புகளைத் தரும். மே மாதத்தில் ஏசி நின்றால் கேட்கவே வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு பலகைகள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டுமே கணக்கில் சேர்ப்பதுதான் இதற்கு வழி. 1929இல் ஜெர்மன் இயற்பியலாளர்கள் வால்தர் போத்தேயும் வெர்னர் கோல்ஹோர்ஸ்டரும் கையாண்ட இந்த உடனிகழ்வு முறைக்காகப் போத்தே 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்துக் கழிக்க வேண்டியது வானிலை. காற்றழுத்தம் கூடினால் மியூவான் எண்ணிக்கை குறையும். பருவமழைக் காலத்தில் தாழ்வழுத்தம் வந்தால் ஏறும். இந்தத் திருத்தம் எனக்குச் சலிப்பூட்டும் குமாஸ்தா வேலையாகவே பட்டது, ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக் குழுவின் முடிவைப் படிக்கும்வரை. 2014 டிசம்பர் 1 அன்று இடிமழையின்போது மியூவான் எண்ணிக்கையில் ஏற்பட்ட சரிவைக் கொண்டே, மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என அவர்கள் கணித்திருந்தார்கள். அதன்பிறகு இடிமழை நாட்களின் பதிவுகளை நான் தனிக் கோப்பில் சேமிக்கத் தொடங்கினேன்.