பட்டியலில் என் பெயர் வர மூன்று ஆண்டுகள்

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். காலை ஏழரைக்கெல்லாம் அம்மாவோடு பூத் வாசலில் போய் நின்றுவிட்டேன். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் கிராமம். கொரோனாவால் கல்லூரியை மூடியிருந்ததால் ஊரில்தான் இருந்தேன். எனக்கு இருபது வயது முடிந்திருந்தது. வாசலில் வெப்பநிலை பார்த்து, வலது கைக்கு ஒரு பாலித்தீன் கையுறை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் மேசையில் இருந்த அலுவலரிடம் ஆதார் அட்டையை நீட்டினேன். "பூத் சிலிப் எங்கம்மா? வரிசை எண் தெரியுமா?" என்றார். இரண்டும் இல்லை. அவர் கோபப்படவில்லை. அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டு எங்கள் தெருவின் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினார். அப்பா படம் இருந்தது. அம்மா படம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகிப் போன அக்காவின் படம்கூட அங்கேயே இருந்தது. நான் இல்லை. "ஆதார் நீ யாருன்னு காட்டுறதுக்குத்தான் கண்ணு. லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான் ஓட்டு" என்றார். கையுறையைக் கழற்றி வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். அம்மா விரலில் மையோடு வந்தார். இரண்டு பேரும் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம்.

பதினெட்டு முடிந்தால் ஓட்டு தானாக வந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பள்ளியில் அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது என்று படித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 என்று ஒன்று உண்டு, அதை நாம்தான் நிரப்பித் தர வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் படித்த நினைவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் வேறொரு சிக்கல் இருந்தது. அந்த மார்ச்சில் எனக்குப் பதினெட்டு முடிந்தது, ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. ஆனால் அப்போது ஆண்டுக்கு ஒரே ஒரு தகுதி நாள்தான், ஜனவரி 1. அன்றைக்கு எனக்குப் பதினேழு. 2021 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் வந்தன. பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கவும் வழி வந்தது. இது பெரிய மாற்றம். என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னமும் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

படிப்பு முடிந்து 2023இல் வேலைக்காகச் சென்னை வந்தேன். பெண்கள் விடுதி ஒன்றில் மூன்று பேர் தங்கும் அறை. ஜூலையில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிவம் 6ஐ நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் பத்து நிமிடம். முகவரிச் சான்று என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஓராண்டுக்காவது பழைய மின் கட்டண ரசீது, தண்ணீர் வரி ரசீது அல்லது கேஸ் ரசீது, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், ஆதார், நிலப் பத்திரம், வாடகைக்கு இருந்தால் பதிவு செய்த ஒப்பந்தம் என்று பட்டியல் நீண்டது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் விடுதியில் இருக்கிறவளுக்கு எங்கிருந்து வரும்? ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் ஊர் முகவரி. கையில் இருந்தது மாதாமாதம் விடுதியில் தருகிற துண்டு ரசீது மட்டும்தான். சரி, அதையே 'பிற ஆவணம்' என்று ஏற்றினேன். குறிப்பு எண் குறுஞ்செய்தியில் வந்தது.

அப்புறம் நாள்தோறும் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். 'சமர்ப்பிக்கப்பட்டது' என்றிருந்தது, பி.எல்.ஓ.விடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மாறியது. வாக்குச்சாவடி நிலை அலுவலரைத்தான் எல்லோரும் பி.எல்.ஓ. என்கிறோம். மூன்று வாரம் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. கள ஆய்வில் விண்ணப்பதாரர் குடியிருப்பது உறுதியாகவில்லை என்பது காரணம். விசாரித்தால், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு பி.எல்.ஓ. வந்திருக்கிறார். அந்நேரம் நாங்கள் எல்லோரும் அலுவலகத்தில். வாசலில் இருந்தவர், "இங்க யாரும் பர்மனன்ட் இல்லம்மா, இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊரில் என்னைச் சேர்ப்பதா? நான் அங்கே வசிக்கவில்லை. இங்கே சேர்ப்பதா? நான் இங்கே நிரந்தரமில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தை. சொந்த வீடு கேட்கவில்லை, நிரந்தரம் கேட்கவில்லை. நான் தூங்கி எழுகிற கட்டில் எங்கே இருக்கிறதோ அதுதான் என் இடம் என்று நான் புரிந்துகொண்டிருக்க, வாசலில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்தால் அது இல்லாமல் போனது. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது பேசினால் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வரும். ஓட்டு முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில்தான் ஒரு மனிதருக்கு முகவரி நிற்காமல் மாறுகிறது. கல்லூரி விடுதி, முதல் வேலை, அறை மாற்றம், இன்னோர் ஊர். அக்கறை இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிறவர்களையும் இந்த வயது வழியில் உதிர்த்துவிடுகிறது.

நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தபோது, எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, "புதுசா இன்னொரு படிவம் கொடுங்க, அக்டோபர் கடைசியில வரைவுப் பட்டியல் வருது, நவம்பர்ல சனி ஞாயிறு முகாம் நடக்கும், பி.எல்.ஓ.வை நேர்ல பாருங்க" என்றார். இந்த ஒரு பதில்தான் என் வேலையை முடித்தது.

அதற்கு முன் விடுதி உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அவர் தயங்கினார். "ஓட்டர் லிஸ்ட்ல என் வீட்டு நம்பர்ல பேரு ஏறிட்டா, நாளைக்கு வீட்டுல உரிமை கேட்டா?" என்றார். இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை, வாடகைக்கு விடுகிற பலருக்கும் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பதால் வீட்டின் மீது எந்த உரிமையும் வராது என்று விளக்கினேன். முழுக்க நம்பவில்லை. ஆனாலும் மூன்று நாள் கழித்து, இன்ன தேதியிலிருந்து இந்தப் பெண் எங்கள் விடுதியில் தங்கியிருக்கிறார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் முகாம் பக்கத்துப் பள்ளியில் நடந்தது. ஆறாம் வகுப்பு பெஞ்சில் நான்கு பி.எல்.ஓ.க்கள், ஆளுக்கு ஒரு பாகத்தின், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கான, பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பாகத்துக்கு ஓர் அங்கன்வாடி அக்கா. அவர் பட்டியலின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 'வீடு மாற்றம்', 'இறப்பு', 'பூட்டு'. 'பூட்டு' என்று எழுதியிருந்த இடங்களைப் புரட்டிக் காட்டினார். "பகல்ல போனா பாதி வீடு பூட்டுதான் பாப்பா. ராத்திரி எட்டு மணிக்கு நான் எப்படி வர முடியும்? எனக்கும் வீடு இருக்கில்ல." அப்போது ஒரு வாக்குச்சாவடிக்கு 1,500 வாக்காளர் வரை இருக்கலாம் என்றிருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மேல் இந்த வேலை அவருக்கு. என் மனத்தாங்கல் அங்கேயே கரைந்துவிட்டது. விடுதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இருப்பியா?" என்றார். இருந்தேன். வந்தார், மாடி ஏறினார், என் கட்டிலைப் பார்த்தார், கைபேசிச் செயலியில் ஏதோ பதிந்துகொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

2024 ஜனவரி 22 அன்று இறுதிப் பட்டியல் வெளியானது. இரவு அறையில் மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பாகத்தின் கோப்பை இறக்கி, பக்கம் பக்கமாகத் தள்ளினேன். ஒரு சிறிய கட்டத்தில் என் பெயர், அப்பா பெயர், வீட்டு எண், வயது 22, பாலினம். அடுத்த கட்டத்தில் யாரோ ஒரு முதியவர். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தை மூடவே மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் விடுதியில் மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் மாடியில் பதினொரு பேர். ஏழு பேருக்கு ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தது. மூன்று பேருக்கு எங்குமே இல்லை. ஒருத்திக்குக் கல்லூரி படித்த ஊரிலும் சொந்த ஊரிலுமாக இரண்டு இடத்தில் இருந்தது. அவளிடம் ஒன்றை உடனே நீக்கச் சொன்னோம். ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்க வேண்டும், படிவத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முகவரி மாறினால் புதுப் படிவம் 6 கொடுக்கக் கூடாது, படிவம் 8 கொடுக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாளாவது முன்னால் கொடுத்தால்தான் விசாரித்துச் சேர்க்க நேரம் இருக்கும் என்று சொல்லி, பெயரே இல்லாத மூன்று பேரையும் பிப்ரவரியிலேயே உட்காரவைத்து நிரப்பினோம். இரண்டு பேருக்குக் கிடைத்தது.

ஊரில் பெயர் இருந்த ஏழு பேரில் நால்வர் போக முடியவில்லை. வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. பொது விடுமுறைதான், ஆனால் ஒருத்திக்கு இரவுப் பணி, ஒருத்திக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, இரண்டு பேர் ஊர் வடமாநிலங்களில். தபால் ஓட்டு ராணுவத்தில் இருப்பவர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குத்தான். வெளியூரில் வேலை பார்ப்பவருக்கோ படிப்பவருக்கோ கிடையாது. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட உதவும் தொலைதூர இயந்திரத்தின் மாதிரியைப் பார்க்க 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கட்சிகளுக்கு இருக்கிற சந்தேகங்களைத் தீர்த்துவிட்டே வரட்டும்.

ஏப்ரல் 19 காலை ஏழு மணிக்கு, முகாம் நடந்த அதே பள்ளியில் நின்றேன். முதல் அலுவலர் என் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார். ஏஜெண்டுகள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். என் பெயரை ஓர் அறையே கேட்கும்படி அரசு படிப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டாமவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். மறைப்புக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு தெரிந்தது. ஏழு விநாடி நின்று, அறுந்து விழுந்தது. பீப் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அந்தத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் 54ஐ ஒட்டி நின்றுவிட்டது. மாநிலம் முழுவதற்கும் 69.72. சென்னைக்காரர்களின் சோம்பல் என்று மறுநாளே பேச்சு கிளம்பியது. நான் கையெழுத்துப் போட்ட 17ஏ பதிவேட்டில் வயதுக்கென்று ஒரு பத்தியே இல்லை. எத்தனை இளைஞர்கள் வந்தார்கள் என்று அந்த ஏட்டை வைத்துச் சொல்ல முடியாது. என் அக்காவைப் போல எப்போதோ இடம் மாறியவர்களின் பெயர்களும் சேர்த்துத்தான் நூறு சதவீதம். அங்கன்வாடி அக்காவின் பென்சில் குறிப்புகளைப் பார்த்த பிறகு, சோம்பல் என்ற ஒரே சொல்லில் இதை முடிப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

என் தம்பிக்கு இந்த மே மாதம் பதினெட்டு முடிந்தது. போன வருடமே அவனை ஜூலை 1 தகுதி நாளுக்காக முன்கூட்டி விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தேன். கல்லூரி விடுதியில் சேரப்போகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டான். இப்போது சேர்ந்துவிட்டான். "ஊர்லயா, ஹாஸ்டல்லயாக்கா?" என்று போனில் கேட்டான். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், விடுதி என்றால் கல்லூரியில் ஒரு சான்று வாங்க வேண்டும் என்றேன். நான்கு வருடம் இங்கேதானே இருக்கப்போகிறேன், இங்கேயே போடுகிறேன் என்றான். நேற்று இரவு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வார்டன் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று. அதன் கீழே அவன் தட்டச்சு செய்திருந்தான்: "பி.எல்.ஓ. எப்போ வருவாங்க? வாசல்ல வாட்ச்மேன் அண்ணாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."