தம்பியின் அலகும் என் தலைவலியும்

14 ஜனவரி 2025, செவ்வாய்

பானை பொங்கும் நேரத்திலேயே இடது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்துவிட்டது. குளித்துவிட்டு வந்து தலை சீவினால், சீப்பு பட்ட இடமெல்லாம் புண்ணைத் தொட்டது போல எரிந்தது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து அம்மா வாங்கி வந்த மல்லிகையைத் தலையில் வைக்க முடியவில்லை. காதுத் தோட்டையும் கழற்றி வைத்தேன்.

அம்மா சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். சுக்கு எரிந்தால் தலைவலி அடங்கும் என்பது பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை. தலைவலியோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

மதியம் சாப்பிட வந்த உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி உடம்பு முழுக்க அலகு குத்திக்கிட்டு நடக்கிறான். நீ ஒரு தலைவலிக்குப் படுத்துட்டியேம்மா." அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தபோது அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 20 வருடமாக நானே என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாங்கள் இரண்டு பேரும்?

17 ஜனவரி, வெள்ளி

தலை தெளிந்துவிட்டது. நேற்றும் இன்றும் வேலை முடிந்ததும் அங் மோ கியோ நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

காயத்திலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது, அதுதான் வலி என்று நினைத்திருந்தேன். அது பாதிக் கதைதான். மூளையிலிருந்தும் கீழே ஆணை இறங்குகிறது. நடுமூளையில் ஒரு மெல்லிய கால்வாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஆணை மூளைத்தண்டு வழியாக இறங்கி, வலிச் செய்தி உள்ளே நுழையும் வாசலிலேயே அதைக் குறைக்கிறது. சில சமயம் கூட்டியும் விடுகிறது. 1969இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் இந்த இடத்துக்கு மின்சாரம் செலுத்தி, மயக்க மருந்தே கொடுக்காமல் வயிற்றில் அறுவை செய்து காட்டினார். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். என்கெஃபலின் என்று அதற்குப் பெயர்.

ஆக, ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு வலிநிவாரணி இருக்கிறது. அப்படியானால் என்னுடையது எங்கே போனது?

25 ஜனவரி, சனி

மருத்துவரைப் பார்த்தேன். முதல் கேள்வியே, "தலை சீவினால் வலிக்குமா?" என்பதுதான். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

எனக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி என்றார். அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தலை சீவினால் வலிக்குமாம். தலையின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் செய்திகள் வந்து சேரும் இடம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. அதன் பிறகு சீப்பு, தோடு, தலையணை எல்லாமே வலியாகத் தெரிகிறது. வழக்கமாக இதை அடக்கி வைக்க வேண்டியது மேலிருந்து வரும் அந்த ஆணைதான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் இரவு வரை மனதை விட்டுப் போகவில்லை. 1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை. தீராத வலி உள்ளவர்களுக்கு, அதைக் குறைப்பதற்காகவே, அந்தச் சாம்பல் பகுதியில் மின்முனை பொருத்தினார்கள். அந்த 175 பேரில் 15 பேருக்கு, அதற்கு முன் தலைவலித் தொல்லையே இல்லாதவர்களுக்கு, ஒற்றைத் தலைவலி போன்ற தலைவலி வந்துவிட்டது. வலியை அடக்கும் இடத்தைத் தொட்டதில் தலைவலி பிறந்திருக்கிறது!

பனடால் என்ற வலி மாத்திரையின் கணக்கையும் கேட்டார். டிசம்பரில் 17 நாள் போட்டிருக்கிறேன். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்குமாம். ஒற்றைத் தலைவலிக்கென்றே அவர் எழுதிக் கொடுத்த டிரிப்டான் மாத்திரைக்கு 10 நாள்தான் எல்லை. நாட்காட்டியில் இனி வட்டம் போடுகிறேன்.

30 ஜனவரி, வியாழன்

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். புளோக்கின் கீழே சிங்க நடனம். முரசும் தாளமும் ஒரு மணி நேரம் ஓயவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஐந்தே நிமிடத்தில் பழகிப்போய் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கடைசி அடியும் முதல் அடியைப் போலவே விழுந்தது. இத்தனைக்கும் இன்று தலைவலி கிடையாது.

இதையும் அளந்திருக்கிறார்கள். ஒரே படத்தையோ ஒலியையோ திரும்பத் திரும்பக் கொடுத்தால், மற்றவர்களின் மூளையில் எழும் அலை படிப்படியாகத் தணிகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம், தலைவலி இல்லாத நாட்களில்கூட, அது பெரும்பாலும் தணிவதில்லை. எல்லா ஆய்வுக் கூடத்திலும் இதே முடிவு வந்துவிடவில்லை என்றாலும், சிறு வயதில் "சத்தத்தைக் கண்டாலே இவளுக்கு ஆகாது" என்று திட்டு வாங்கிய எனக்கு இது பெரிய ஆறுதல்.

2 பிப்ரவரி, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். விரதத்தில் இளைத்திருக்கிறான். நான் வாசித்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வலி இன்னொரு வலியை அடக்கும் என்பதற்கு உடம்பிலேயே ஒரு வழி இருக்கிறது. 1979இல் பிரான்ஸில் லெ பார்ஸ் குழுவினர் எலிகளில் அதை விவரித்தார்கள். மனிதர்களிடம் இப்போது ஒரு கையைக் குளிர்ந்த நீரில் வைத்து, இன்னொரு கையில் சூட்டையோ அழுத்தத்தையோ கொடுத்து அளக்கிறார்கள். முதல் வலி இரண்டாவதைக் குறைக்க வேண்டும். பாட்டியின் சுக்குப் பற்றும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலரிடம் இந்தக் குறைப்பு பலவீனமாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசமே தெரியவில்லை என்ற ஆய்வுகளும் உண்டு.

"நாமும் பார்ப்போமே அக்கா" என்று ஐஸ் வாளியை எடுத்து வந்துவிட்டான். வலது கை ஐஸ் தண்ணீரில், இடது விரல் நுனியில் துணி கிளிப். அரை நிமிடத்தில் கிளிப் இருப்பதையே மறந்துவிட்டேன் என்றான். எனக்குக் கையும் வலித்தது, விரலும் வலித்தது. அடுப்படியில் இரண்டு பேர் செய்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ சும்மா படுத்துக்கிறேன்னு நானும் நெனச்சிருக்கேன்க்கா" என்றான்.

5 பிப்ரவரி, புதன்

வேலை அதிகம். ஒன்றை மட்டும் குறித்துவிடுகிறேன். 1995இல் ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 9 பேரின் மூளையைத் தலைவலி நேரத்திலேயே படம் பிடித்தார்கள். மூளைத்தண்டில் இயக்கம் கூடியிருந்தது. மருந்து கொடுத்து வலி நின்ற பிறகும் அந்த இயக்கம் அடங்கவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். விடுப்பு எடுத்திருந்தேன். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் தம்பிக்கு அலகு குத்தும்போது பக்கத்திலேயே நின்றேன். "வேல் வேல்" என்ற குரலுக்கு நடுவே அவன் கண் ஒரு முறை சுருங்கியது, அவ்வளவுதான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, 3 கிலோமீட்டருக்கும் மேல், நான் பால்குடத்தோடு அவன் பின்னால் நடந்தேன்.

நம்பிக்கைக்கும் வலியை அடக்கும் மூளையின் ஆணைக்கும் தொடர்பு உண்டு. 1978இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் பார்த்தார்கள்: மருந்தே இல்லாத திரவத்தை மருந்தென்று நம்பி ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு வலி குறைந்தது, அபினை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும் வலி மறுபடி ஏறியது. நம்பிக்கை மூளையின் சொந்த மருந்தைத் திறந்துவிட்டிருக்கிறது. இதை அறிந்ததால் முருகன் எனக்குக் குறைந்துவிடவில்லை. விரதம், பாட்டு, கூட நடக்கும் சொந்தங்கள் எல்லாம் சேர்ந்து தம்பிக்குள் ஒரு கதவைத் திறக்கின்றன என்று நம்புகிறேன். ஒற்றைத் தலைவலி நாளில் எனக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அவன் பக்தியும் உண்மை, என் வலியும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் அம்மாவிடம் தமிழில் நிதானமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

விடியற்காலையில் கண்ணுக்குப் பின்னால் அந்தத் துடிப்பு. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா விளக்கைப் போடாமல் வந்து பக்கத்தில் நின்றார். கையில் சுக்கு இல்லை.

"சீப்பு பட்டா வலிக்குதா கண்ணு?"

தலையைத் தொட்டுப் பார்த்தேன். "இன்னும் இல்லம்மா."

"அப்ப இப்பவே போட்டுடு."

மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார்: தோல் வலிக்கத் தொடங்குவதற்கு முன்பே போட்டால்தான் டிரிப்டான் நன்றாகக் கேட்கும். அம்மா வெந்நீர் எடுத்து வந்தார். நாட்காட்டியில் இந்த மாதத்தின் மூன்றாவது வட்டத்தைப் போட்டேன்.