அறங்காவலரும் தேங்காய்க் கடையும்

2024 அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது, திரையின் ஓரத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிராமல் இருந்தன. நான் பார்த்துக்கொள்ளும் வலைத்தளங்களில் ஒன்று, கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றினுடையது. வாரம் தவறாமல் செய்வதைப் போல அதன் செருகுநிரல் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்) பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று இருக்க வேண்டிய வரியில் 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று இருந்தது. தளத்துக்கு ஒரு குறையும் இல்லை. குதிரைத்திறன், குழாயின் அளவு, விலை என்று நான் அமைத்து வைத்திருந்த கட்டங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. செருகுநிரலின் பெயரும், அதை ஆக்கியவர் பெயருமே மாறியிருந்தன. ஆக்கியவர் என்ற இடத்தில் 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்' என்று இருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்திருந்ததால், நான் சுண்டல் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அது தானாகவே நடந்து முடிந்திருந்தது.

அந்த மாற்றத்தை அக்டோபர் 12 அன்று அறிவித்தவர் மேட் முல்லன்வெக். வலைத்தளங்களை அமைத்து நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை உருவாக்கிய இருவரில் ஒருவரும், அதைச் சார்ந்து வணிகம் செய்யும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் அவரே. ஒரு நிறுவனத் தலைவர் நிரலாளர் சமூகம் ஒன்றில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இத்தனை ஆண்டுகளாக என் வீட்டு அடுப்பு எரிவது வேர்ட்பிரஸால்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

2003 ஜனவரியில் அவருக்கு வயது 19; அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மாணவர். அவர் பயன்படுத்திவந்த 'பி2' என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதிய மிஷெல் வால்ட்ரிகி, அதைக் கவனிப்பதை நிறுத்தியிருந்தார். அந்த நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மேற்கொண்டு வளர்க்கலாம் என்று முல்லன்வெக் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்ற நிரலாளர் நானும் வருகிறேன் என்று பதில் எழுதினார். அந்த ஆண்டு மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு, போட்டியில் முன்னணியில் இருந்த மூவபிள் டைப் தன் உரிம விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியபோது, அங்கிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பிய கூட்டத்தில் பெரும்பகுதி வேர்ட்பிரஸின் வாசலில்தான் வந்து இறங்கியது. ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்து வளர்த்த பிள்ளை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த உரிமம்தான் வேர்.

2005இல் அவர் ஆட்டோமேட்டிக்கைத் தொடங்கினார். முதல் எட்டு ஆண்டுகள் டோனி ஷ்னைடர் தலைமைப் பொறுப்பில் இருக்க, 2014இல்தான் முல்லன்வெக் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அதற்கு முன்பும் பின்பும் சமூகத்துக்குள் அவர் நடந்துகொண்ட விதம், மற்ற நிறுவனத் தலைவர்களிடம் நாம் காணாதது. ஜாஸ் இசையில் பித்துக்கொண்டவர் என்பதால் வேர்ட்பிரஸின் பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் கலைஞர்களின் பெயரைச் சூட்டினார். ஆண்டுதோறும் சமூகத்தின் முன் உரையாற்றிவிட்டு, ஒலிவாங்கிக்கு வருபவர் யாராயினும், கேள்வி எத்தனை காரமாயினும், நின்று பதில் சொல்வார்.

அவருடைய செல்வாக்கு எவ்வளவு நன்மை செய்ய முடியும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2017 செப்டம்பரை. அப்போது ஃபேஸ்புக்கின் ரியாக்ட் நிரலகத்தோடு (வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) காப்புரிமை தொடர்பான ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேஸ்புக்மீது நீங்கள் காப்புரிமை வழக்குத் தொடுத்தால், ரியாக்டைப் பொறுத்தவரை அவர்கள் உங்களுக்குத் தந்திருக்கும் காப்புரிமை அனுமதி பறிபோய்விடும் என்பது அதன் சாரம். திறந்த மூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளை அந்த உரிமத்தைத் தன் திட்டங்களில் தடை செய்தது. ஃபேஸ்புக்கோ உரிமத்தை மாற்ற மாட்டோம் என்று ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. வேர்ட்பிரஸின் புதிய எழுதுபலகையான குட்டன்பெர்க் அப்போது ரியாக்டில்தான் கட்டப்பட்டுவந்தது. ஆட்டோமேட்டிக்கின் வழக்கறிஞர்களுக்கு அந்த நிபந்தனையில் பெரிய அச்சம் ஏதும் இல்லை. ஆனால் வேர்ட்பிரஸைப் பயன்படுத்தும் லட்சக்கணக்கானவர்கள்மீது இந்தக் குழப்பத்தைச் சுமத்த மனமில்லை என்று சொல்லி, செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு நிரலகத்துக்கு மாறுவதாக முல்லன்வெக் செப்டம்பர் 14 அன்று அறிவித்தார். 22ஆம் தேதி ஃபேஸ்புக் இறங்கி வந்தது; அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி உரிமத்துக்கு ரியாக்டை மாற்றுவதாக அறிவித்தது. எட்டே நாள். இன்று ரியாக்டை வைத்துப் பிழைக்கும் நம்மூர் இளைஞர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

அதே குட்டன்பெர்க்கை 2018 டிசம்பர் 6 அன்று, இன்னும் பழுக்கவில்லை என்று பலர் தடுத்தும் கேளாமல், நாஷ்வில் மாநாட்டுக்கு முதல் நாள் வெளியிட்டதும் அவரே. அதில் மனம் கசந்தவர்கள் கிளாசிக்பிரஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். அந்தச் சண்டை ஆறிவிட்டது, பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது அவருடைய பதவிகளைப் பற்றி. நம்மூரில் கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர் இருப்பார். அவரே கோயில் வாசலில் தேங்காய், பழக் கடையும் வைத்திருந்தால், கோயில் நிலத்தின் பத்திரமும் அவர் பெயரிலேயே இருந்தால், பக்கத்துக் கடைக்காரர் உள்ளே வரக்கூடாது என்று ஒருநாள் வாயிற்கதவை அடைக்கும் சாவியும் அவர் இடுப்பிலேயே இருந்தால் எப்படியிருக்கும்? வேர்ட்பிரஸில் ஏறத்தாழ அதுதான் நிலை. மென்பொருள் திட்டத்தின் தலைவர் அவர். வேர்ட்பிரஸ் என்ற வணிகக் குறியை 2010இல் பொதுநல அமைப்பான வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்கு மாற்றித் தந்தபோது அனைவரும் கைதட்டினோம். ஆனால் அந்த அறக்கட்டளையின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். அதன் வணிகப் பயன்பாட்டு உரிமை தனியுரிமையாகத் திரும்பி வந்து சேர்ந்த இடம் அவருடைய ஆட்டோமேட்டிக். செருகுநிரல்களும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களும் குடியிருக்கும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளம் அறக்கட்டளைக்குச் சொந்தம் என்று என்னைப் போன்றவர்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். அது தம் தனிப்பட்ட உடைமை என்று 2024இல் அவரே விளக்கினார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அப்படிப்பட்ட ஏற்பாடு இது. இருபது ஆண்டுகள் யாருக்கும் இது உறுத்தவில்லை என்றால், அவர் பெரும்பாலும் நல்ல அறங்காவலராக இருந்தார் என்பதே காரணம்.

2024 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டு மேடையில், டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்தை அவர் வெளிப்படையாகச் சாடினார். வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் பெரிய நிறுவனம் அது. தொடக்க காலத்தில் அதில் ஆட்டோமேட்டிக்கே முதலீடு செய்திருந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று. 2018இல் சில்வர் லேக் என்ற தனியார் பங்கு முதலீட்டு நிறுவனம் 25 கோடி டாலர் போட்ட பிறகு, வேர்ட்பிரஸால் சம்பாதித்துவிட்டு அதற்குத் திருப்பித் தருவது சொற்பம் என்பது அவர் குற்றச்சாட்டு. வேர்ட்பிரஸால் வாழும் நிறுவனங்கள் தங்கள் உழைப்பில் 5 விழுக்காட்டை அதன் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்று 2014இலேயே அவர் கேட்டவர். இந்தக் குறை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்தைத் தொடாமல் தேரில் ஏறி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

ஆனால் அவர் கேட்ட முறை வேறாக இருந்தது. வணிகக் குறியைப் பயன்படுத்துவதற்காக மொத்த வருவாயில் 8 விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று ஆட்டோமேட்டிக் கேட்டது. டபிள்யூபி எஞ்சின் மறுத்தது. செப்டம்பர் 25 அன்று அந்த நிறுவனத்தின் சேவையகங்களிலிருந்து வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கை அணுக முடியாதபடி தடை வந்தது. அங்கே தளம் வைத்திருந்தவர்களால், செருகுநிரல்களையும் தீம்களையும் வழக்கமான வழியில் புதுப்பிக்க முடியாமல் போயிற்று. நடுவில் சில நாள் தளர்த்தி, அக்டோபர் 1 முதல் மீண்டும் அடைத்தார்கள். மறுநாள் டபிள்யூபி எஞ்சின் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. தம் போக்கில் உடன்பாடில்லாத ஆட்டோமேட்டிக் ஊழியர்கள், 30,000 டாலர் அல்லது ஆறு மாதச் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைப் பெற்றுக்கொண்டு விலகலாம் என்று முல்லன்வெக் அறிவித்தார். 159 பேர் விலகினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என் பட்டியலில் பெயர் மாறிய விவகாரம். எலியட் காண்டன் என்ற நிரலாளர் தொடங்கி, கைமாறி, 2022இல் டபிள்யூபி எஞ்சினிடம் வந்து சேர்ந்த செருகுநிரல் அது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டது. பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்வதும், விற்பனை விளம்பரங்களை நீக்குவதும் நோக்கம் என்று முல்லன்வெக் சொன்னார். பொதுப் பாதுகாப்பு கருதி, ஆக்கியவரின் ஒப்புதல் இல்லாமலே ஒரு செருகுநிரலில் மாற்றம் செய்யும் உரிமையைத் தரும் 18ஆவது விதியையும் காட்டினார். அந்த விதி உண்மையிலேயே இருக்கிறது. ஜிபிஎல் உரிமப்படி நிரலை எடுத்து வேறு பெயரில் வளர்ப்பதிலும் தவறில்லை, வேர்ட்பிரஸே அப்படிப் பிறந்ததுதானே. ஆனால் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்த்து அதே கைப்பக்குவத்தில் எதிரே புது மெஸ் திறப்பது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் மெஸ்ஸின் பலகையை ஓர் இரவில் மாற்றிவிட்டு, மாதாந்திர வாடிக்கையாளர்களின் நோட்டோடு கல்லாவில் போய் உட்கார்வது வேறு. இங்கே நிரல் நகலெடுக்கப்பட்டதைவிட, அதன் முகவரியும் வாடிக்கையாளர்களும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்புரைகளும் கைமாறியதுதான் பெரிது.

இதை முழுமையாகப் புரிந்துகொள்ள, வேர்ட்பிரஸின் உள்ளே சற்று எட்டிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளமும் நாளுக்கு இருமுறை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கின் ஒரு முகவரியைக் கூப்பிட்டு, எனக்குப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த முகவரி மென்பொருளின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. உலக வலைத்தளங்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு வேர்ட்பிரஸில் ஓடுவதாகக் கணிக்கப்படும் நிலையில், அத்தனையும் தினமும் தட்டும் கதவு ஒரே கதவு. மென்பொருள் எல்லோருக்கும் பொது என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. கதவைப் பற்றி உரிமத்தில் ஒரு வரியும் இல்லை. நிரலின் சுதந்திரத்தைப் பற்றி மேடைமேடையாகப் பேசிய நாங்கள் யாரும், அந்தக் கதவின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. 2025 ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் 'ஃபேர்' என்ற திட்டத்தைச் சிலர் தொடங்கியது, ஒரே கதவுக்குப் பதிலாகப் பல கதவுகளை வைப்பதற்காகத்தான்.

2024 டிசம்பர் 10 அன்று நீதிபதி அராசெலி மார்ட்டினெஸ் ஒல்குயின் இடைக்காலத் தடை விதித்தார். அணுகல் திரும்பியது, செருகுநிரலும் பழைய பெயரில் பழைய உரிமையாளரிடம் போனது. அது வழக்கின் தீர்ப்பு அல்ல. 2025 ஜனவரியில், வேர்ட்பிரஸுக்கு வாரந்தோறும் ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பைத் தந்துகொண்டிருந்த ஆட்டோமேட்டிக், டபிள்யூபி எஞ்சின் தருவதாகச் சொல்லும் அளவுக்குச் சமமாக அதை 45 மணியாகக் குறைத்தது. மே மாத இறுதியில் பழையபடி திரும்புவதாக அறிவித்தது. மற்ற சண்டைகளைவிட எனக்குக் கவலை தந்தது இதுதான். கொடுத்துவந்த கை எவ்வளவு பெரியது என்பது, அது பின்னால் இழுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது.

நான் அவ்வப்போது வேர்ட்பிரஸின் தமிழாக்கத்தில் சில தொடர்களைச் சேர்ப்பதுண்டு. அதற்கும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில்தான் உள்நுழைய வேண்டும். அந்த அக்டோபரில் உள்நுழையும் பக்கத்தில், டபிள்யூபி எஞ்சினோடு எனக்குப் பணரீதியாகவோ வேறு விதமாகவோ தொடர்பில்லை என்று உறுதிகூறும் ஒரு சிறு பெட்டி வந்து சேர்ந்தது. அதில் குறியிட்டால்தான் உள்ளே விடும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த வாசகம் போயிற்று, பெட்டி மட்டும் இருந்தது. அன்னாசிப் பழம் பீட்சாவில் சுவையாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளும்படி அது கேட்டது. நான் பீட்சாவில் அன்னாசி போட்டுத் தின்றதே இல்லை. குறியிட்டுவிட்டு உள்ளே போய், நிலுவையில் இருந்த மூன்று தொடர்களைத் தமிழாக்கிச் சேமித்தேன்.