வில்லின் மறுபக்கம்

எர்ஹு என்ற இரண்டு தந்திச் சீன வில்வாத்தியம் பழுதுபார்ப்புக்கு வந்தால், ஓசை எழும் பெட்டியை நான் முதலில் பார்ப்பதில்லை. வில்லைத்தான் பார்ப்பேன். சிங்கப்பூரில் சீன இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றின் பழுதுபார்ப்பு மேசையில் எனக்கு வேலை. பள்ளிகளில் சீன இசைக்குழு ஓர் இணைப்பாட நடவடிக்கை என்பதால், வருகிற வேலையில் பாதிக்கு மேல் மாணவர்களின் கருவிகள். இளையர் விழா நெருங்கினால் மேசையில் இடமே இருக்காது. சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “வெளித் தந்தி பேசவில்லை, கீச்சென்கிறது. தோல் மாற்ற வேண்டுமா?”

தோல் மாற்றுவது சின்னச் செலவில்லை. எர்ஹுவின் முகப்பில் இருப்பது மலைப்பாம்புத் தோல். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் அடங்கும் பொருள் அது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டாது. ஆனால் வெளித் தந்தி மட்டும் சண்டித்தனம் செய்து, உள் தந்தி ஒழுங்காகப் பாடினால் தோலைச் சந்தேகிக்க வேண்டியதே இல்லை. இரண்டு தந்திகளும் ஒரே குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) உட்கார்ந்து, ஒரே தோலைத்தான் அதிரவைக்கின்றன.

வயலின் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் குழப்பும். வயலினில் வில் தனி, கருவி தனி. எர்ஹுவில் வில்லின் மயிர் இரண்டு தந்திகளுக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கிறது; வாசிக்கும்போதும் பிரியாது, வைக்கும்போதும் பிரியாது. வெளித் தந்தி, மயிருக்கும் வில்லின் மூங்கில் தண்டுக்கும் இடையில் அகப்பட்டு நிற்கும். உள் தந்தி மயிரின் அந்தப்புறம், வாசிப்பவரின் உடலை ஒட்டி. உள் தந்தியை வாசிக்க, நடுவிரலாலும் மோதிரவிரலாலும் மயிரைத் தண்டிலிருந்து விலக்கித் தள்ளவேண்டும். அதாவது ஒரே மயிர்க்கற்றையின் இரண்டு முகங்களும் உழைக்கின்றன, ஆளுக்கொரு தந்திக்கு. மயிரில் தேய்க்கும் பிசின் கட்டியான ரோசினும் இரண்டு முகத்துக்கும் வேண்டும்.

வயலின் வழக்கத்தில் வருகிற பிள்ளை என்ன செய்யும்? கட்டியை எடுத்து, தண்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் முகத்தில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடும். கைக்கு எட்டுவது அந்த முகம்தான். தண்டைப் பார்த்த முகத்துக்குக் கட்டியை விளிம்பு வாட்டில் பிடித்து, மயிருக்கும் தண்டுக்கும் நடுவே நுழைக்கவேண்டும். சிரமம், அதனால் விட்டுப்போகும். உள் தந்தி நன்றாகப் பாட, வெளித் தந்தி கண்ணாடியில் விரலை இழுத்தது போலக் கீச்சிடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

பைன் மரப் பிசினைக் காய்ச்சி, டர்பன்டைன் ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது ரோசின். மயிரில் அது மெல்லிய தூளாக ஒட்டிக்கொண்டு தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் இழுபட்டதும் தந்தி நழுவித் திரும்புகிறது. உடனே மறுபடி பிடிபடுகிறது. ‘ஏ’ சுருதியில் நிற்கும் வெளித் தந்தியில் இந்தப் பிடியும் நழுவலும் நொடிக்கு ஏறத்தாழ 440 தடவை நடக்கும். வெறும் மயிருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. புது வில்லை அப்படியே இழுத்துப் பாருங்கள், காற்றுச் சத்தம்கூட வராது.

எங்கள் கடையில் மூத்த கைவினைஞர் ஒருவர் இருக்கிறார். நான் அங்கிள் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். இந்த ஊர்ச் சீனர் சிலர் வாயில் அந்தச் சொல் வேறு தொனியில் வரும், அது எனக்குப் பிடிக்காது. இவர் சொல்லும்போது அப்படித் தோன்றியதில்லை. அவர் ரோசின் போடுவதைப் பார்த்துத்தான் நான் பழகினேன். கருவியைத் தொடையில் நிமிர்த்தி, மயிரைப் பெட்டியிலிருந்து நன்றாக விலக்கிப் பிடிப்பார். தூள் தோல்மேல் கொட்டக்கூடாது. வில்லின் திருகாணியை அளவாக முறுக்கி மயிரை நேராக்குவார். கட்டியை அழுத்தாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே வேகத்தில் நீள இழுப்பு. இரண்டு ஓரங்களிலும் மட்டும் சின்னதாக முன்னும் பின்னும், ஏனென்றால் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் இடம் அந்த ஓரங்கள். பிறகு கட்டியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் கரை நொறுங்கிச் சில்லு சில்லாக மயிரில் ஏறும். அப்புறம் மறுமுகம். மயிரில் விரல் படவே விடமாட்டார்; கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது. புதுக் கட்டியின் மேல் பளபளப்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் தூளே வராது.

குறைவாகப் போடுவது ஒரு வகைப் புகார் என்றால், அள்ளிப் போடுவது இன்னொரு வகை. பள்ளிக் கருவியைப் பல பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். திங்கட்கிழமைப் பிள்ளை போடும், புதன்கிழமைப் பிள்ளையும் போடும், பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டு அவரும் போடுவார். பெட்டியின் மேற்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். தூள் தோலில் படிந்து, சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பசையாக இறுகும். ஓசை கரகரப்பாகி, நீட்டிப் பிடிக்கவேண்டிய சுரம் துண்டு துண்டாக வரும். இதற்கு மருந்து இன்னும் ரோசின் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் பெட்டியையும் தந்தியையும் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சாராய வகைத் திரவம் ரோசினைக் கரைக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டுப் பெட்டியையே துடைத்துக் கொண்டுவருகிறார்கள். அது மெருகையும் சேர்த்தே கரைத்துவிடும், தோலுக்கும் கெடுதல்.

பழைய காலத்தில் கட்டியைத் தேய்க்கும் வழக்கமே இல்லை. ரோசினைச் சுடரில் உருக்கி, வில் உரசிப்போகும் இடத்தில் பெட்டியின்மேலேயே சொட்டவிட்டு ஒரு மேடாக உறையவைப்பார்கள். வாசிக்க வாசிக்க மயிர் தானே எடுத்துக்கொள்ளும். பெய்ஜிங் ஓபராவில் வாசிக்கும் சின்ன வில்வாத்தியமான ஜிங்ஹுவில் இன்றைக்கும் அதுதான் முறை. அங்கிள் ஜிங்ஹுவுக்கு அதைச் செய்து கொடுப்பார், எர்ஹுவுக்குச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுவார். எனக்கும் அவர் கட்சிதான்: அப்படி உறைந்த மேட்டை எர்ஹுவின் மெருகு கெடாமல் சுரண்டி எடுக்கும் வேலை கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

வேலை முடிந்ததும் அவர் சோதித்துப் பார்ப்பது ‘எர்ச்சுவான் யிங்யுவே’. வூசி நகரத்தின் பார்வையற்ற தெருக்கலைஞர் அபிங், 1950-ல் தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன் ஒலிப்பதிவுக்கு வாசித்த உருப்படி. உள் தந்தியில் பொறுமையாக நடந்து வெளித் தந்திக்கு ஏறும்போது, தந்தி மாறும் இடத்தில் ஓசையின் கனம் குறைகிறதா என்று காது வைப்பார். குறைந்தால் தண்டுப்பக்க முகத்துக்கு இன்னும் இரண்டு இழுப்பு.

இதற்கு எவ்வளவு கட்டணம் என்பதில்தான் கடைக்குள் சச்சரவு. “ரோசின் போட்டதுக்கெல்லாம் பில் போடாதே தம்பி” என்பார் அங்கிள். மேலாளருக்கோ மேசைக்கு வந்த எந்தக் கருவியும் சும்மா போகக்கூடாது. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இலவசமாக அனுப்பினால் பிள்ளைக்கு என்ன நடந்ததென்றே தெரியாது, அடுத்த மாதம் அதே வில் திரும்பிவரும். அதனால் சோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு, கருவியைத் திரும்பப் பெற வரும் மாணவரையே மேசைக்கு அழைத்துத் தண்டுப்பக்க முகத்துக்கு அவர் கையாலேயே போடவைக்கிறேன். ரசீதில் ‘ரோசின், இரு முகமும்’ என்று எழுதுகிறேன். அந்தப் பெயரில் கணினியில் சேவை எதுவும் இல்லை என்று மேலாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.