ஆலிவ் காட்டில் ரயில் பாதை: ஸ்பெயின் குளிர்கால நாட்குறிப்பு

ஜனவரி 4, 2024. புர்கோஸ்

நானும் என் கணவரும் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து தங்கும் வசதியுள்ள வேனில் கிளம்பினோம். பிரான்ஸ் முழுக்க மழை கூடவே வந்தது. இருன் எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்த பிறகுதான் வைப்பரை நிறுத்தினோம். விட்டோரியாவுக்கு அப்பால் புர்கோஸ் வரைக்குமான ஏபி-1 நெடுஞ்சாலையில் 2018 கடைசியிலேயே சுங்கக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி, காசு மிச்சம் என்று கீழ்ச்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் ஸ்பெயின் என்றதும் லெஸ்டரில் எல்லோரும் "நல்லா வெயில் காய்ஞ்சிட்டு வாங்க" என்றுதான் வழியனுப்பினார்கள். இந்த நாட்டின் நடுப்பகுதி பெரிய மேட்டுநிலம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. புர்கோஸ் 850 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கதீட்ரலைச் சுற்றி ஒரு நடை நடப்பதற்குள் காது விறைத்துவிட்டது. இரவு வேனில் டீசல் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பருப்பு ரசமும் அப்பளமும். மின்சைக்கிள்கள் வெளியே பின்பக்க ஸ்டாண்டில் நனைந்துகொண்டிருக்கின்றன. பேட்டரி இரண்டும் மட்டும் எங்களோடு கம்பளிக்குள்.

ஜனவரி 5. லா மாஞ்சா

கொன்சுவேக்ராவில் குன்றின்மேல் மாவரைக்கும் பழைய காற்றாலைகள் 12 வரிசையாக நிற்கின்றன. காற்று தள்ளிய தள்ளில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் ஏற முடிந்தது. படம் எடுத்தோம், இறங்கினோம்.

சாயங்காலம் வழியில் ஒரு சின்ன ஊரில், குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று அரசர்களின் ஊர்வலம். இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது பெரும்பாலும் இந்த மூவர்தான், அதுவும் இன்றைய இரவில். டிராக்டர் இழுத்த மேடை வண்டியிலிருந்து அள்ளி அள்ளி மிட்டாய் வீசினார்கள். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருக்க, பாட்டிமார் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து மொத்தமாக அள்ளினார்கள். இவர் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றி ஏந்திக்கொண்டு போய் நின்றார், நாலைந்து தேறியது.

பேக்கரியில் வளையம் போன்ற ரோஸ்கோன் ரொட்டி ஒன்று வாங்கினோம். உள்ளே ஒரு குட்டிப் பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சையும் ஒளித்து வைத்திருப்பார்கள். பொம்மை கிடைத்தவருக்குக் கிரீடம், மொச்சை கிடைத்தவர் ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். மொச்சை எனக்குத்தான் வந்தது. "எப்படியும் ஒரே பர்ஸ்தானே" என்கிறார்.

ஜனவரி 6. ஹாயென் நோக்கி

மூன்று அரசர்கள் திருநாள் விடுமுறை. கடை எதுவும் திறக்கவில்லை, நல்லவேளை நேற்றே பாலும் தண்ணீரும் வாங்கி வைத்திருந்தோம். தெஸ்பென்யாபெர்ரோஸ் கணவாயில் பாறைகளுக்கு நடுவே இறங்கினால் அந்தப்பக்கம் அண்டலூசியா. கொஞ்ச தூரத்தில் ஆலிவ் மரம் ஆரம்பிக்கிறது, அப்புறம் நிற்பதே இல்லை. ஹாயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் இருக்கிறதாம். மலை, சரிவு, பள்ளம் எதையும் விடவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும் என்பதுதான் உண்மை.

ஜனவரி 9. டோன்யா மென்சியா

சலிப்பு தீர்ந்தது, சைக்கிளில் ஏறியதும்.

இந்த ஊரின் பழைய ரயில் நிலையத்தை ஒட்டியே வேன்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கலாம், கழுவுநீரையும் கழிவறைப் பெட்டியையும் காலி செய்யலாம். கதவைத் திறந்து இறங்கினால் பாதை. ஒரு காலத்தில் இந்த ஊர்களின் எண்ணெயைச் சுமந்து போன ரயிலின் தடம் இது. 1980-களில் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஹாயெனிலிருந்து புவென்தே ஹெனில் வரை 128 கி.மீ. சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 1993-இல் ஆரம்பித்த பசுமைப் பாதைத் திட்டத்தில் நாடு முழுக்க இப்படி 3,000 கி.மீ.க்கு மேல் இருக்கிறது.

எங்களைப் போன்ற வயதில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. ரயில் இஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையை வெட்டி, பள்ளத்தில் பாலம் கட்டி, நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏறாதபடி பாதை போட்டிருக்கிறார்கள். எதிரே சுவேரோஸ் என்ற வெள்ளை ஊர் பாறை உச்சியில் கோட்டையோடு தொங்குகிறது. நாங்கள் அதன் அடிவாரத்தில் பேசிக்கொண்டே மிதிக்கிறோம். பேட்டரியைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருந்தேன்.

லூக்கே நிலையம் தாண்டியதும் அறுவடை. பாதைக்குப் பத்தடி தள்ளி ஒரு டிராக்டர். அதன் முன்னால் நீண்ட கையொன்று மரத்தின் அடியைக் கவ்விப் பிடித்து உலுக்குகிறது. சில விநாடிதான், மரம் முழுக்க நடுங்கி, காய் சடசடவென்று வலையில் கொட்டுகிறது. மிச்சத்தை இரண்டு பேர் நீளக் கம்பால் தட்டுகிறார்கள். ஒரு அடியிலிருந்தே இரண்டு மூன்று தண்டுகள் கிளம்புவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவ்வ வேண்டியிருக்கிறது. பிறகு நாலு பேர் வலையின் மூலைகளைப் பிடித்து அடுத்த மரத்தடிக்கு இழுக்கிறார்கள், காயோடு சேர்த்து. அந்த இழுவைதான் முதுகை ஒடிக்கும் வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. காய் கறுப்பும் ஊதாவுமாகச் சிறுத்திருந்தது.

நின்று பார்த்ததில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். என் ஸ்பானிஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். வானத்தைக் காட்டினார், கையை விரித்தார். வறட்சி. 2021-22 பருவத்தில் ஸ்பெயினில் 15 லட்சம் டன் அளவுக்கு எண்ணெய் எடுத்தார்கள், அடுத்த பருவத்தில் அது 7 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. இந்தப் பருவமும் சுமார்தான். மொத்த வியாபார விலையே கிலோ 9 யூரோ அளவில் நிற்கிறது. ஆலிவ் தோப்புக்கு நடுவே இருக்கும் ஊரின் சூப்பர்மார்க்கெட்டில், எண்ணெய் பாட்டிலுக்குக் கழுத்தில் திருட்டு எச்சரிக்கை மணி மாட்டி வைத்திருக்கிறார்கள்! பக்கத்து அடுக்கில் விஸ்கிக்கு அது இல்லை.

குவாதஹோஸ் ஆற்றின்மேல் நிற்கும் இரும்புப் பாலம் வரை போனோம். கீழே ஆறு என்று சொல்லும்படி ஒன்றும் ஓடவில்லை.

ஜனவரி 10

காலையில் புல்லெல்லாம் உறைபனி. அடுப்பு பற்றவில்லை. ஸ்பெயினில் எங்கும் கிடைக்கும் ஆரஞ்சு சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அது வாயுவாக மாறாமல் திரவமாகவே உட்கார்ந்துவிடும். புரோபேன் என்றால் மைனஸ் 40 வரைக்கும் கவலையில்லை. இதையெல்லாம் இவர் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எதிரே பாருக்குப் போய்க் காபியும், தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியும் சாப்பிட்டுவிட்டேன். விலை இப்படி ஏறியும் எண்ணெய் பாட்டிலை மேசையிலேயே வைத்திருக்கிறார்கள். நல்ல ஊர்.

விடிவது எட்டரை மணிக்கு, அஸ்தமனம் ஆறைத் தாண்டி. நாள் பின்னால் தள்ளிப் போகிறது. சாப்பாடும் அப்படியே; மதியம் இரண்டுக்கு முன் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஜனவரி 14. ஒல்வேரா

இங்கிருந்து புவெர்த்தோ செர்ரானோவுக்கு 36 கி.மீ. பாதை, 30 சுரங்கம். விசித்திரம் என்னவென்றால் இதில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. 1920-களில் ஹெரேஸ் பக்கமிருந்து போட ஆரம்பித்தார்கள். சுரங்கம் குடைந்து, பாலம் கட்டி, நிலையங்கள்கூட எழுப்பிவிட்டு, பணம் தீர்ந்து, உள்நாட்டுப் போர் வந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனை பேர் எத்தனை வருடம் பாறை உடைத்திருப்பார்கள்!

சுரங்கத்துக்குள் சில இடங்களில் விளக்கு எரிகிறது, சில இடங்களில் இல்லை. மிக நீண்டது ஏறக்குறைய ஒரு கி.மீ. நடுவில் சொட்டும் தண்ணீர் பிடரியில் விழும்போது உடம்பு சிலிர்க்கும். முன்விளக்கு இல்லாமல் யாரும் வராதீர்கள்.

சாஃப்ரமகோன் பாறைக்கு எதிரே நின்றோம். பாறுக் கழுகுகளின் பெரிய குடியிருப்பு அது. பத்து மணி வரை ஒன்றும் அசையவில்லை. பாறை சூடேறிக் காற்று மேலெழும்பினால்தான் அவற்றுக்குப் பறக்கத் தோதுப்படும். அப்புறம் ஒன்று விளிம்பிலிருந்து சும்மா சாய்ந்தது. இறக்கை விரிந்தால் இரண்டரை மீட்டர். தலைக்கு மேலே வட்டமிட்டபோது நிழல் எங்கள் சைக்கிள்களைக் கடந்து போனது. "நம்மளைத்தான் பாக்குது, நீ கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டே இரு" என்றார் இவர். "நீங்கதான் மூச்சு வாங்குறீங்க, உங்களைத்தான் பாக்குது" என்றேன்.

போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்குகிறது. கொரிப்பே நிலைய உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே சார்ஜ் போட்டுக்கொண்டோம், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

ஜனவரி 19. அல்மேரியா மாகாணம்

மழை. ஏ-92 சாலையில் கிழக்கே ஓட்டிக்கொண்டே வந்தோம், சைக்கிளை இறக்கவில்லை. எங்களைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை. ஒரு கிராமத்து பாரில் வாசல் வரை கூட்டம்: இந்தப் பக்கம் மழை பெய்தால் மீகாஸ் கிண்டுவது வழக்கம். ரவையை எண்ணெய், பூண்டு போட்டு உதிரி உதிரியாகக் கிளறி, வறுத்த மிளகாயும் மத்தி மீனும் வைத்துக் கொடுத்தார்கள். உப்புமாவேதான், ஆனால் இதற்காக ஊரே மழையை எதிர்பார்க்கிறது.

ஜனவரி 25. காபோ தே காத்தா

ஒரே வாரத்தில் கோடை. வலென்சியா பக்கம் கிட்டத்தட்ட 30 டிகிரி என்று பாரில் டிவி அலறுகிறது. ஜனவரியில்! இவருக்குச் சந்தோஷம், எனக்கு அந்த லூக்கே பெரியவரின் கை ஞாபகம்.

இது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. கடலோரத்தில் வேனை நிறுத்தி இரவு தங்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். முகாம் இடத்தில் விட்டுவிட்டு சைக்கிளில் உப்பளத்துக்குப் போனோம். பூநாரைகள் தலையைச் சேற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றன, எங்களைச் சட்டை செய்யவில்லை.

பூங்காவுக்கு வெளியே நீஹர் பக்கம் வேறு உலகம். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை பிளாஸ்டிக் கூடாரம். மாகாணம் முழுக்க 30,000 ஹெக்டேருக்கும் மேல். லெஸ்டரில் ஜனவரியில் நாங்கள் வாங்கும் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரிக்காயில் நிறைய இந்தப் பக்கத்துக் கூடாரங்களிலிருந்து லாரியில் வருவதுதான். சாயங்காலம் வேலை முடிந்து தொழிலாளர்கள் சாலையோரமாகச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா. நிறைய சைக்கிளில் விளக்கு இல்லை, சிலரிடம் ஒளிரும் மேல்சட்டை மட்டும். சிலர் தங்குவது மரப்பலகையும் பழைய பிளாஸ்டிக்கும் சேர்த்துக் கட்டிய குடிசைகளில்.

ஒரு இளைஞர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நிறுத்தினோம். எங்கள் டியூப் 28 அங்குலம், அவருடையது 26, சேராது. இவர் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். டியூபில் ஏற்கெனவே ஏழெட்டு ஒட்டு. செனகலிலிருந்து வந்ததாகச் சொன்னார், பிரெஞ்சும் ஸ்பானிஷும் கலந்து. என் மின்சைக்கிளின் விலையைக் கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே விசில் அடித்தார்.

திரும்பும் வழியில் ராஃப் தக்காளி வாங்கினோம். குளிர்காலத்தில்தான் வரும். மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். உப்புத்தண்ணீரில் வளர்வதால் அப்படி ஒரு இனிப்பு. சாதாத் தக்காளியைவிட விலை பல மடங்கு. இவர் ரசம் வைக்கலாம் என்கிறார். இந்த விலைக்கு வாங்கியதைக் கொதிக்க விடமாட்டேன் என்று வெட்டி, உப்புத் தூவி, டோன்யா மென்சியாவில் வாங்கிய எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறேன். ரசத்துக்கு நாளைக்குச் சாதாத் தக்காளி வாங்க வேண்டும், கூடவே ஒரு சிலிண்டரும்.