தனிச்சொல்லைப் படிக்கும் குழந்தை பக்கத்தில் தடுமாறும்போது

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மகள், நாங்கள் வாசித்துக் காட்டும் கதையை ஒரு நுணுக்கமும் விடாமல் திருப்பிச் சொல்வாள். அதே கதையைத் தானே படிக்க நேர்ந்தால் அரைப்பக்கத்துக்குள் சோர்ந்துவிடுவாள். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதற்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்ததால், குறை அவள் அறிவிலோ ஆர்வத்திலோ இல்லை என்பதில் எங்களுக்கு ஐயம் எழவில்லை. தடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியவேண்டியிருந்தது.

முதலில் செய்த கண் பரிசோதனையில் இரண்டு கண்களுக்கும் 6/6, அதாவது இயல்பான பார்வை, என்று வந்தது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 6 மீட்டர் தொலைவுக்கு அமைத்த அட்டையில் உள்ள எழுத்துகளை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துச் சொல்லும் திறனையே அது அளக்கிறது. புத்தகமோ 30, 40 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பது. அங்கே இரண்டு கண்களும் ஒரே இடத்தில் குவிந்து, அந்தக் குவிவை நெடுநேரம் விடாமல் பிடித்து, வரியின் மேல் சிறு சிறு தாவல்களாக நகர்ந்து, ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழ கால் நொடி நிலைத்து, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறாமல் பிடிக்க வேண்டும். கண்ணிலிருந்து வந்ததை மூளை வடிவங்களாகப் பிரித்தறிவது அதற்கும் அப்பாற்பட்ட வேலை. இவற்றில் எதையும் அந்த அட்டை சோதிப்பதில்லை.

ஆகவே அவள் எவ்வளவு தவறு செய்கிறாள் என்பதை விட்டுவிட்டு, எப்படித் தவறு செய்கிறாள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். இந்த வேலைதான் பின்னர் மருத்துவருக்கு மிகவும் பயன்பட்டது. முதல் சில வரிகளைச் சீராகப் படிப்பாள். போகப்போகத் தவறுகள் கூடும். ஒரு வரியை விட்டுவிடுவாள், அல்லது படித்த வரியையே மறுபடி படிப்பாள். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்வாள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறிப்போகும். கூட்டல் கணக்கில் விடை சரியாகத் தெரிந்திருந்தும் இலக்கங்கள் பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடும். படித்து முடித்தபின் நெற்றியைத் தேய்ப்பாள். பக்கத்தில் தவறாகப் படித்த சொற்களை மறுநாள் தனித்தனி அட்டைகளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். பெரும்பாலானவற்றைத் தயங்காமல் படித்தாள். ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி துளை வெட்டிய அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்தபோது தவறுகள் குறைந்தன. அவள் தானாகவே ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படித்த வேளைகளில் சற்று நிம்மதியாகப் படித்ததையும் கவனித்தேன். சொல் தெரியாத குழந்தையின் தடுமாற்றம் இப்படி இருக்காது என்றே எனக்குத் தோன்றியது.

குறிப்பேட்டைப் படித்துப் பார்த்த குழந்தைகள் கண் மருத்துவர், முதலில் சொட்டு மருந்து போட்டுக் கண்ணின் குவியத் தசையைத் தளர்த்திப் பார்த்தார். குழந்தைகளின் கண், கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கடினமாக்கும் தூரப்பார்வைக் கோளாறைத் தன் முயற்சியாலேயே ஈடுகட்டி மறைத்துவிட வல்லது என்பதால் இந்தப் படி தேவை என்று விளக்கினார். மகளுக்கு அந்தக் கோளாறு இல்லை. குறைமாதப் பிறப்போ பிறக்கும்போது மூச்சுத்திணறலோ உண்டா என்றும் கேட்டார். மூளையின் பார்வைப் பாதைகள் அவற்றால் பாதிக்கப்படக்கூடும். அவள் நிறைமாதத்தில் நலமாகப் பிறந்தவள். அடுத்து, ஒரு சிறு இலக்கை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார். மூக்கிலிருந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்குள் வரும்வரை இரு கண்களும் இலக்கை விடாமல் குவிந்திருக்க வேண்டுமாம். மகளின் ஒரு கண் அதற்கு வெகுமுன்பே வெளிப்பக்கம் விலகியது. “எழுத்து இரண்டாகத் தெரியுமா?” என்று அவர் கேட்டதற்கு, “எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். குழந்தைகள் தாமாக முறையிடமாட்டார்கள் என்பதற்கு அந்தப் பதிலைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி எனப்படும் இந்தக் கண்குவிவுக் குறைபாட்டுக்குப் பயிற்சி உண்டு. 2008இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வில், சிகிச்சையாளரின் மேற்பார்வையில் 12 வாரம் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் சுமார் 73 விழுக்காட்டினர் நன்கு தேறினர். ஒப்பீட்டுக்காக, உண்மைப் பயிற்சிபோலத் தோன்றும் போலிப் பயிற்சி பெற்றவர்களில் அது 35 விழுக்காடுதான். ஆனால் 2019இல் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த தொடர் ஆய்வில், அதே வகைப் பயிற்சி வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைப் போலிப் பயிற்சியைவிடக் கூடுதலாக உயர்த்தவில்லை. இரண்டையும் மருத்துவர் முன்கூட்டியே சொன்னதற்கு அவருக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். பயிற்சிக்குப் பிறகு தலைவலியும் இரட்டைத் தோற்றமும் நின்றன. நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் வரி தவறுவது மட்டும் ஓரளவு நீடித்தது.

நீடித்த அந்தப் பகுதிக்காகவே உளவியலாளரிடமும், அன்றாடச் செயல்களுக்கான திறன்களில் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடமும் மதிப்பீடு செய்தோம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் கோடுகளுக்குள் ஓர் உருவத்தைக் கண்டுபிடிப்பது, பார்த்த வடிவத்தை நினைவில் வைத்துப் பலவற்றுள் அடையாளம் காட்டுவது, உருவங்களைப் பார்த்து வரைவது என்று பல சோதனைகள் இருந்தன. நெரிசலான பின்னணியிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதில் அவள் வயதுக்குரிய அளவுக்குக் கீழே இருந்தாள். கூடவே, சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, ஓர் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்வது போன்ற ஒலிசார் சோதனைகளையும் கேட்டுச் செய்வித்தோம். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டின் வேர் பெரும்பாலும் ஒலிகளைக் கையாளுவதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பார்வைதான் காரணம் என்று முடிவுகட்டினால், தேவையான கற்பித்தல் கிடைக்காமல் ஆண்டுகள் வீணாகும். மகளுக்கு அந்தத் திறன்கள் சரியாகவே இருந்தன.

இதற்கிடையில் நிறக் கண்ணாடி அணிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கறையோடு சொன்னவர்கள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கண் மருத்துவர்களின் சங்கங்களும் 2009இல் வெளியிட்ட கூட்டறிக்கை, கற்றல் குறைபாட்டுக்கு அத்தகைய கண்ணாடிகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறுகிறது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை.

பள்ளியிடம் மகளின் மதிப்பீட்டு அறிக்கையைக் கொடுத்து, எழுத்திடைவெளியும் வரியிடைவெளியும் கூட்டிய தாள்கள், ஒரு பக்கத்துக்குக் குறைவான கேள்விகள், கணக்குக்குக் கட்டமிட்ட நோட்டு, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு ஆகியவற்றைக் கேட்டோம். வகுப்பாசிரியர் மனமுவந்து செய்தார். துளையிட்ட அட்டை இப்போதும் அவள் பையில் இருக்கிறது. தேவைப்படும்போது அவளே எடுத்துக்கொள்கிறாள். பொடி எழுத்தில் அச்சான பாடப்பக்கங்கள் இன்னும் கடினமாகவே இருப்பதால், அவற்றைப் பெரிதாக்கி நகலெடுத்துத் தருகிறோம். கண்குவிவு மீண்டும் தளரக்கூடும் என்பதால் மறுபரிசோதனைகளையும் தவறவிடுவதில்லை.