பின்வளவு எருக்கலை

மே மாதக் கடைசியில் மருமகன் கராஜைத் திறந்து, வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைத் தூசி தட்டிக் கழுவி, பின்வளவு மேப்பிள் மரத்தடியில் கொண்டுவந்து வைப்பார். "மாமி, உங்கடை கதிரை வந்திட்டுது" என்பார். அன்றைக்குத்தான் எனக்குக் கோடை தொடங்கும். நாட்காட்டியில் யூன் 21 என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் கனடாவிலுள்ள ஸ்காபரோவுக்கு வந்தது 2015 நவம்பரில். முதல் ஆறு மாதமும் இந்த நாட்டை யன்னலுக்கு உள்ளே இருந்துதான் பார்த்தேன். மகளும் மருமகனும் விடிய முன்னமே வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி அப்போது கைக்குழந்தை. முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளோடு வாய் ஓயாமல் கதைத்தவளுக்கு, வீட்டின் அந்த மௌனம் குளிரைவிடக் கடுமையாக இருந்தது. பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கோடையைப் பற்றி எழுதுகிறேன்.

கோடையின் முதல் வேலை கறிவேப்பிலையை வெளியே எடுப்பது. குளிர்காலம் முழுக்க அது குசினி யன்னலோரம் பூச்சாடியில் நிற்கும். இலை பாதி கொட்டி, குச்சியாகி, "இந்த முறை பிழைக்குமோ?" என்று நான் ஒவ்வொரு காலையும் பார்க்கிற மாதிரி இருக்கும். அவசரப்பட்டு வெளியே வைக்கக் கூடாது. விக்டோரியா தின விடுமுறை, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, கழிந்த பிறகுதான் கன்று நடுவது என்று இங்கே தோட்டம் வைத்திருக்கிற எந்தத் தமிழ் வீட்டிலும் சொல்லுவார்கள். அதற்கு முன் ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் போதும், மிளகாய்க் கன்றெல்லாம் விடியற்காலை வெந்த கீரை மாதிரித் தொங்கிவிடும். நான் இரண்டாம் வருடம் அதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு அவசரப்படுவதில்லை.

மிளகாய், கத்தரி, தக்காளி, பாகல், பயற்றங்காய். பயற்றங்காய்க்கு முயல் தொல்லை. இலை இரண்டு விட்டவுடனே வந்து கத்தரிக்கோலால் வெட்டினது போல நறுக்கிவிட்டுப் போய்விடும். மருமகன் கம்பி வலை அடித்துத் தந்தார். வலைக்கு வெளியே தரையோடு பரவுகிற குளோவர் இலையை அது தின்னட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது காலை ஆறு மணிக்கு நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இருந்தால், பத்தடி தூரத்தில் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். காது மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கும்.

யூன் கடைசியில் பாடசாலை விட்டால் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்குத்தான். செப்டெம்பர் முதல் வாரம் வரை, முழுதாக இரண்டு மாதம். மூத்தவளுக்கு எட்டு வயதும் சின்னவனுக்கு ஐந்து வயதும் நடந்த கோடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதுவரை எங்கள் பேச்சு "சாப்பிட்டியா, குஞ்சு?", "ஓம் அம்மம்மா" என்கிற அளவில்தான் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் கதைக்க வராது. என் ஆங்கிலமோ கடைக்குப் போய்வர மட்டும் போதும்.

அந்த வருடம் பின்கதவு விளக்குக்கு மேலே ரொபின் குருவி ஒன்று கூடு கட்டியது. நெஞ்சு செங்கல் நிறம், முதுகு சாம்பல். சேற்றை வாயால் கொண்டுவந்து பூசி, நடுவில் நெஞ்சை வைத்து அழுத்திச் சுழன்று கிண்ணம் மாதிரி ஆக்கியது. அந்தக் கதவுக்குள்ளால் போய்வர முடியாது, குருவி பயந்து பறக்கும். கூட்டை மெல்ல எடுத்து மரத்தில் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். மகள் கைபேசியில் வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, தொடாதேங்கோ. முட்டை இருந்தால் அசைக்கக் கூடாதாம், சட்டம்." புலம்பெயர் பறவைகளைக் காக்க இந்த நாட்டில் 1994இல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. சரி என்று பின்கதவை மூடிவிட்டு, நாங்கள் எல்லோரும் பக்கக் கதவால் சுற்றி வந்தோம். மருமகன் நீளக் குச்சியில் கண்ணாடி ஒன்றைக் கட்டி, தாய்க் குருவி இல்லாத நேரம் பார்த்து உயர்த்திப் பிடித்தார். நான்கு முட்டை. அந்த நீலத்தை என்னவென்று சொல்வது! நல்லூர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற கண்ணாடி வளையலில் ஒரு நீலம் இருக்கும், அதே நீலம்.

இரண்டு கிழமை அடைகாத்தல், இன்னும் இரண்டு கிழமை தீனி. பிள்ளைகள் கொப்பியில் கோடு போட்டு எண்ணினார்கள். மூன்றுதான் பொரித்தது. நான்காவது என்ன ஆனது என்று சின்னவன் பல நாள் கேட்டான். சில முட்டை பொரிக்காது ராசா என்று உள்ளதைச் சொன்னேன். அவன் அதை விளங்கிக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். குஞ்சுகள் பறந்து போன மறுநாள்கூட அவன் பக்கக் கதவால்தான் வந்தான்.

அணில் கதையையும் சொல்ல வேண்டும். இங்கே பெரிய அணில் கறுப்பிலும் சாம்பலிலும் வரும். நிறம்தான் வேறு, இரண்டும் ஒரே இனம். ஆனால் சிப்மங்க் என்று ஒரு சின்னன் இருக்கிறது. முதுகில் நீளக் கோடுகள், ஊர் அணிலின் தம்பி மாதிரி. முதல் தடவை கண்டபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. வேலியோரம் பனங்கொட்டைக் குவியலில் ஓடித் திரிகிற அணில்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மேப்பிள் விதையையும் என் கச்சானையும் கன்னம் இரண்டும் வீங்க அடைத்துக்கொண்டு, படிக்குக் கீழே உள்ள வளைக்குள் போய்விடும். சேர்த்துவைத்ததைத் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் குளிர்காலம் முழுக்க நிலத்துக்குக் கீழேயே இருக்குமாம். பிள்ளைகளுக்கு இராமர் அணை கட்டின கதையைச் சொன்னேன். மண்ணில் புரண்டு வந்து கடலில் மண்ணை உதறின அணிலையும், இராமர் மூன்று விரலால் தடவினதையும். மூத்தவள் நன்றாகக் கேட்டுவிட்டு, கதிரைக்குக் கீழே குனிந்து சிப்மங்கின் முதுகை எண்ணினாள். "அம்மம்மா, இதுக்கு அஞ்சு கறுப்புக் கோடு. முழுக் கையாலயும் தடவினவரோ?" என்றாள். எட்டு வருடத்தில் அவள் என்னோடு கதைத்த முதல் நீண்ட தமிழ் வசனம் அதுதான். அன்றிரவு மகளிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்தது.

இனி எருக்கலை.

வேலி மூலையில், கொம்போஸ்ட் பெட்டிக்குப் பக்கத்தில், யாரும் நடாத செடி ஒன்று இடுப்பளவு வளர்ந்து நின்றது. தடித்த நீள்வட்ட இலை, அடியில் மெல்லிய பூஞ்சை மாதிரி மயிர். மருமகன் களை பிடுங்கும் முள்ளோடு வந்து அதன் அடியைக் குத்தினார். ஓர் இலை முறிந்து விழுந்தது. முறிந்த இடத்தில் பால் வெள்ளையாகத் துளிர்த்து வழிந்தது. "பொறும் தம்பி!" என்று நான் கத்திவிட்டேன். பொதுவாக அவரோடு குரல் உயர்த்துகிற ஆள் இல்லை நான்.

அந்தப் பாலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஒழுங்கை முழுக்க எருக்கலைதான். எருக்கலம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இது எருக்கலை இல்லை. பூ வேறு, இலை வேறு. ஆனால் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அப்படியென்றால் இலையின் கீழ்ப்பக்கம் ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ இலையில் இருந்தது. குண்டூசித் தலையளவு, வெண்மஞ்சள், முட்டை.

இங்கே இதை மில்க்வீட் என்கிறார்கள். ஒன்ராறியோவில் இதைப் பிடுங்கி அழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் வைத்திருந்து, 2014இல் நீக்கினார்கள். காரணம் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இந்தச் செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. ஊரில் எருக்கலையில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இதற்கு நெருங்கிய உறவு. நான் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் மூன்றாம் வகுப்புக்கு எருக்கலம் புழுவைப் போத்தலில் கொண்டுபோய்க் காட்டுவேன். கூட்டுப்புழு வெடித்து இறகு விரியும் நாளில் முழு வகுப்பும் மூச்சுவிடாமல் நிற்கும். அந்தப் பாடம் என்னோடு விமானத்தில் வந்து, எட்டு வருடம் சும்மா கிடந்திருக்கிறது.

நான்காம் நாள் முட்டை பொரித்து மயிரிழை மாதிரி ஒரு புழு வந்தது. பிறகு இன்னும் இரண்டு. இங்கே புழுவை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, செடியிலேயே விட்டுப் பார்த்தோம். மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று வரி வரியாக, நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு போனது. பக்கத்தில் காதை வைத்தால் இலையைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது என்று சின்னவன் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, அவன் காது புதுக் காது. புழுவின் தலைப்பக்கம் ஒரு சோடி கறுப்புக் கொம்பு, வால்பக்கம் ஒரு சோடி. ஊர்ப் புழுவுக்கு நடுவிலும் ஒரு சோடி இருக்கும் என்று நான் சொல்ல, மூத்தவள் உள்ளே போய் மடிக்கணினியில் தேடிப் படத்தைக் கண்டுபிடித்து, வாசல் வரை ஓடிவந்து கத்தினாள்: "அம்மம்மா, நீங்கள் சொன்னது சரி!"

இரண்டு கிழமையில் புழுக்கள் காணாமல் போய்விட்டன. கூடு கட்ட இடம் தேடி ஊர்ந்து போகும், பத்தடி இருபதடிகூடப் போகும் என்று சொல்லி வேலிப் பலகை, பூச்சாடி எல்லாம் தேடினோம். இரண்டைக் கடைசிவரை காணவில்லை. மூன்றாவதைச் சின்னவன் கண்டுபிடித்தான். புல்லில் படுத்துக் கிடந்தவன் நிமிர்ந்து பார்த்து, "அம்மம்மா, அசையாதேங்கோ" என்றான். என் கதிரையின் கைப்பிடிக்குக் கீழே, இளம் பச்சை நிறத்தில், மேல் விளிம்பில் தங்கப் பொட்டு வரிசையோடு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ தட்டான் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாக வைத்தது மாதிரி.

அந்தக் கதிரையில் பிறகு பன்னிரண்டு நாள் யாரும் இருக்கவில்லை. மருமகன் எனக்கு வேறு கதிரை கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். மழை வந்தபோது மூத்தவள் குடையை விரித்து வெறும் கதிரைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாட்களின் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்கு விளக்கு வைத்துவிடுவோம். இங்கே யூனில் சூரியன் ஒன்பது மணிக்குத்தான் மறைகிறது. முதல் கோடையில் விளக்கு வைக்க இருட்டட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, பேத்தி தூங்கிவிடுவாள். இப்போது வெயில் எறிக்கும்போதே ஆறரைக்கு விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுவேன். வேலையால் வந்த மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டி இருப்பாள். சில நாள் எல்லோருமாக ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற கடற்கரைக்குப் போவோம். ஏரிக்கரைதான், ஆனால் மறுகரை தெரியாத தண்ணீரை நான் கடல் என்றுதான் சொல்வேன். போகாத நாட்களில் இருட்டும் வரை வளவில்தான். யூலையில் புல்லுக்கு மேலே மின்மினி ஏறும். ஓகஸ்டில் சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும். மரநாய் அளவில் ரக்கூன் ஒன்று வேலி மேலால் நடந்து போய், எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போகும்.

பன்னிரண்டாம் நாள் காலை கூடு கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. உள்ளே செம்மஞ்சள் இறகு மடிந்து கிடப்பது தெரிந்தது. "எல்லாரையும் எழுப்பு" என்றேன். மகள் அன்று வேலைக்கு ஒரு மணிநேரம் பிந்திப் போனாள். ஒன்பது மணிபோல் கூடு கீறி, நனைந்த துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. வயிறு பெரிதாக, இறகு சுருங்கி. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இறகு நீண்டு விரிந்தது. நாங்கள் ஐந்து பேர், ஒருவரும் பேசவில்லை. வெயில் ஏறின பிறகு அது மேப்பிள் மரத்தைச் சுற்றித் தெற்கே போனது. கோடை முடிவில் பிறக்கிற மொனார்க்குகள் மெக்சிக்கோ மலைக்காடு வரை பறக்கும், மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். யாரும் வழி காட்டுவதில்லை. "தனியவோ போகுது?" என்று சின்னவன் கேட்டான். வழியில் மற்றவையோடு சேர்ந்துகொள்ளும் என்றேன்.

ஒக்டோபரில் எருக்கலைக் காய் வெடித்தது. உள்ளே பட்டு மாதிரி வெள்ளைப் பஞ்சு, நுனியில் கபில நிற விதை. அச்சு அசல் எங்கள் எருக்கலம் பஞ்சு. பிள்ளைகள் ஊதிப் பறக்கவிட்டது போக ஒரு பிடி மிச்சம் இருந்தது. இந்த விதைக்குக் குளிர் பட வேண்டும், பனிக்குள் கிடந்தால்தான் வசந்தத்தில் முளைக்கும். அதனால் பனி விழ முன்னமே நட வேண்டும். மருமகன் கதிரையைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போக, நாங்கள் மூன்று பேரும் வேலியோரம் குந்தியிருந்து விரலால் குழி போட்டோம். சின்னவன் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, பெயர் எழுதித் தரச் சொன்னான். தமிழில்தான் வேண்டும் என்றான். "எருக்கலை" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு குச்சியில் அவனே எழுதினான். ருகரத்தின் வால் கொஞ்சம் நீண்டு குச்சிக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்று அதையும் பக்கத்தில் ஊன்றினோம்.